‘சற்றுமுன்’ என்றால் எப்போது?

பால் பாக்கெட்டில் தேதி போடுகிறார்கள். ரொட்டியில் போடுகிறார்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால், ஒரு மூலையில் தேதி இருக்கிறது. செல்போனில் வருகிற செய்திக்கு மட்டும் அது கிடையாது. ‘சற்றுமுன்’ என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டால் போதும், மூன்று வருடத்துப் பழசும் சுடச்சுட வந்து இறங்கிவிடும். யாருக்கு முன், எதற்கு முன் என்று கேட்கத்தான் ஆளில்லை.

நான் ஊட்டியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தால் இந்த மலையில் முதல் செய்தி லீவுதான். மாவட்டம் முழுக்கவா, கூடலூர் பந்தலூருக்கு மட்டுமா என்று விடிவதற்குள் என் செல்போன் கதற ஆரம்பித்துவிடும். நானென்ன கலெக்டரா? ஒருமுறை எல்லாரும் எனக்கு ஒரே அறிவிப்பை அனுப்பினார்கள். முத்திரை சரி, கையெழுத்து சரி, மழையும் வெளியே கொட்டுகிறது. பாதிப் பிள்ளைகள் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் நடந்தது. அது முந்தின வருட அறிவிப்பு. வராத பிள்ளைகளின் அப்பாக்கள் அடுத்த நாள் என் மேஜைக்கு முன்னால் நின்று செல்போனை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அதிலிருந்து செல்லில் வருவது எதையும் நம்புவதில்லை என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீறாப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பது அடுத்த மழையில் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கேத்திப் பக்கத்துத் தோட்டங்களில் கேரட் பிடுங்கி, மிஷினில் கழுவி, மூட்டை பிடித்து ஏற்றினால், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. இருட்டோடு கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, கேரட் லாரி ஓட்டுகிறவர்கள் வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. வண்டி மலை இறங்கி மண்டி சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். ஒரே ஒரு ரிங். எடுக்கக் கூடாது. போன் பேசக் காசு போன காலத்தில் வந்த பழக்கம் இது. பேச்சு சல்லிசான பிறகும் யாரும் மாற்றவில்லை. அந்த ஒரு ரிங்குக்கு அர்த்தம், ‘இறங்கிவிட்டேன், நீங்கள் சாப்பிடுங்கள்’ என்பதுதான். அது வருகிறவரை என் மாமியார் தட்டை எடுக்கமாட்டார். சாமி கும்பிடுகிற மாதிரி அது ஒரு கணக்கு அவருக்கு.

அன்றைக்கு நிஜமாகவே மாவட்டம் முழுக்க லீவு. டிவியில் ஒருமுறை, தலைமையாசிரியரிடம் ஒருமுறை உறுதி செய்துகொண்டுதான் மறுபடி படுத்தேன். எழுந்து இட்லி ஊற்றி வைத்து, மழைக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, டீ டம்ளரோடு உட்கார்ந்து செல்போனைத் திறந்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என் கதையும் அதுதான்.

முதலில் வந்ததே அந்த வீடியோதான். மேலே ‘சற்றுமுன்’. கீழே ‘மலைப்பாதையில் பயங்கரம், கேரட் லாரி கவிழ்ந்தது, டிரைவரின் கதி என்ன?’. மூடுபனி. ஒரு வளைவு. தடுப்புச் சுவர் உடைந்து கிடக்கிறது. சரிவில் ஒரு லாரி குப்புறக் கிடக்கிறது, முன்பக்கம் மரங்களுக்குள் புதைந்து, பின்பக்கம் மட்டும் தெரிகிறது. நீலத் தார்ப்பாய். ரோடு முழுக்கக் கேரட். மழையில் கழுவிய கேரட் இருக்கிற நிறம் எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில்கூட அந்த மண் வாசம் இருக்கும். யாரோ கூப்பாடு போடுகிறார்கள், என்னவென்று கேட்கவில்லை. அதோடு முடிந்து, திரும்ப முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

ஒன்றுமே தோன்றவில்லை. திரும்பப் பார்த்தேன். திரும்ப. வண்டி நம்பர் தெரிகிற இடத்தில் ஒரு மரக்கிளை. மூடுபனி எல்லா மலையிலும் ஒரே மூடுபனிதான். நீலத் தார்ப்பாய் இல்லாத லாரி உண்டா? இல்லை. அப்படியானால் அது எங்கள் வண்டி இல்லை. ஏன் இல்லை? இருக்கக் கூடாதா? இப்படியே யோசனை சுற்றிக்கொண்டு இருந்தது.

அவர் செல்லுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலைப்பாதையில் மரப்பாலம் தாண்டினால் டவர் கிடைக்காது என்பது தினமும் உள்ள சமாச்சாரம். தினமும் உள்ளதுதான், ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது.

வீடியோ எப்போது போட்டது என்று பார்த்தேன். ‘ஒரு மணி நேரம் முன்பு’ என்று இருந்தது. அந்த நேரத்துக்கு அவர் பாதி மலை இறங்கியிருப்பார். அது வீடியோவை ஏற்றிய நேரமா, வண்டி கவிழ்ந்த நேரமா? இந்தக் கேள்வி இப்போது எனக்கு எளிதாக வருகிறது. அப்போது வரவில்லை.

கீழே கருத்துகளைப் படித்தேன். ஒருவர் இது காட்டேரி வளைவு என்கிறார். ஒருவர் கோத்தகிரி ரோடு என்று அடித்துச் சொல்கிறார். ஒருவர் ‘கேரளா ப்ரோ’ என்கிறார். ஒருவர் இதெல்லாம் கம்ப்யூட்டர் செய்த படம், நிழலைப் பாருங்கள், நம்பாதீர்கள் என்கிறார். நிழல் எங்கே இருக்கிறது அந்த மழையில்? ஒருவர் ரோடு போட்ட கான்ட்ராக்டரைத் திட்டுகிறார், அவருக்குப் பதில் சொல்கிற ஒருவர் முந்தின ஆட்சியைத் திட்டுகிறார், அதற்குக் கீழே அவர்கள் இருவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். வட்டியில்லாக் கடன் வேண்டுமா என்று ஒருவர். டிரைவர் தண்ணி போட்டிருப்பான் என்று ஒரு மகானுபாவர். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஆயுசில் ஒரு சொட்டு தொடாத மனுசன் எங்கள் வீட்டுக்காரர். அப்புறம்தான் உறைத்தது, இது அவர்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறேன் என்று.

நானும் எழுதினேன். ‘இது யார் வண்டி? எந்த இடம்? என் வீட்டுக்காரர் இன்று கேரட் லாரியில் போயிருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.’ எழுதிவிட்டு அந்த வீடியோவை எங்கள் டிரைவர் வீட்டுப் பெண்கள் குரூப்பிலும், காரமடையில் இருக்கும் நாத்தனாருக்கும் அனுப்பினேன். இது நம்ம வண்டியா பாருங்கள் என்று கேட்கத்தான் அனுப்பினேன். அவர்களும் அப்படிக் கேட்கத்தான் அடுத்தவர்களுக்கு அனுப்பினார்கள்.

அப்போது செல்போன் நடுவில் ஒரு பெட்டியைக் காட்டியது. ‘இந்தச் செய்தி உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?’ ஆம், இல்லை. இரண்டே இரண்டு. நான் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நிஜமாகவே பதில் தெரியவில்லை. அது போய்விட்டது. அது போனதும் இன்னொரு விபத்து வந்தது. அதைத் தள்ளினால் இன்னொன்று. பஸ், ஜீப், மறுபடி லாரி. ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்ததும், இவளுக்கு இதெல்லாம் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டது சனியன். பயந்துபோய்ப் பார்ப்பதற்கும் ஆசைப்பட்டுப் பார்ப்பதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்துகொள்ளச் சொல்லி யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

மாமியார் சமையலறையிலிருந்து வந்து, என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுச் செல்லைப் பிடுங்கினார். படிக்கத் தெரியாது, படம் போதும். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அது அவன்ற வண்டி இல்ல அம்மிணி. அவன் தார்ப்பாய இப்படி மடிக்கமாட்டான்.”

எனக்கு உயிர் வந்தது. அம்மாவுக்குத் தெரியாதா மகன் கைவேலை? ஆனால் செல்லைத் திருப்பிக் கொடுக்காமல் மறுபடி பார்த்தார். மறுபடி.

“இந்தக் கயித்துக் கட்டு அவன் கட்டறதுதான்.”

சொல்லிவிட்டுச் செல்லை என் மடியில் போட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எது அவர் கட்டு, எது அவர் மடிப்பு, எதை நம்புவது? மாமியாரை அதட்டிக் கேட்கலாம் போல இருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் போன் வர ஆரம்பித்தது. நாத்தனார் அழுகிறாள். அவளைச் சமாதானம் செய்தால் அவள் வீட்டுக்காரர். அவர் வைத்தால் என் சித்தி மகன். ‘வீடியோ பார்த்தேன், மாமா வண்டியா?’ எல்லாருக்கும் என்னிடம்தான் கேள்வி. கேட்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள என்னைக் கூப்பிடுகிறார்கள், எனக்கோ அவர்கள் கூப்பிடுவதாலேயே ஏதோ நடந்துவிட்டது என்று தோன்றுகிறது. பத்து வருடமாகப் பேசாத பெரியப்பா வீட்டிலிருந்துகூட ஒரு போன். தெரியாத நம்பர்கள் வேறு. நடுவில் ஒன்று அடித்து உடனே நின்றது. யாரோ துக்கம் கேட்கப் பயந்து வைத்துவிட்டார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. நான் அவருக்கு அடிக்க வேண்டும், இவர்கள் விட்டால்தானே. அவர் வழியில் எங்காவது டவர் கிடைத்து அடித்தால் என் போன் பிஸி என்று வருமே என்ற நினைப்பு வேறு.

தாங்கமுடியாமல் குடையை எடுத்துக்கொண்டு எங்கள் எல்லநள்ளி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு ரோட்டு நிலவரம் தெரியும். மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று வந்து நின்றது. டிரைவர் சீட்டுப் பக்கம் போய் நின்று, கீழே ஏதாவது லாரி கவிழ்ந்திருக்கிறதா என்று கேட்டேன்.

“நான் இப்பத்தானுங்க ஏறி வர்றன். ரோட்டுல ஒரு கல்லுக்கூடக் கெடக்கலைங்க.”

அந்தப் பேச்சோடு நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கண்ணால் பார்த்த மனுசன் சொல்கிறார். பல வருடம் இதே வளைவில் ஸ்டியரிங் பிடித்தவர். அதை விட்டுவிட்டு, நான் என்ன செய்தேன்? செல்லைத் திறந்து அவருக்கு வீடியோவைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“நான் வர்றப்ப இல்லைங்க... ஒருவேளை, நான் தாண்டுன பொறவு நடந்திருக்குமோ என்னமோ.”

பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ‘மரப்பாலத்துக்கிட்டப் பனியா இருந்துச்சே, ஒண்ணும் தெரியலையே’ என்றார் ஒருவர். நாமும் கவனிக்காமல் வந்துவிட்டோமோ என்றார் மற்றவர். அந்த ரோட்டில் அப்போதுதான் ஏறி வந்தவர்கள், அந்த ரோட்டில் என்ன இருந்தது என்று என் செல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஒருவர் வீடியோவைத் தனக்கு அனுப்பச் சொன்னார். நான் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று இன்றைக்குவரை எனக்குப் புரியவில்லை. கேட்டார், அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தால் இட்லிச் சட்டி மூடியே கிடந்தது. மாமியார் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஈரத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மனுசன் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அப்போதுதான் முதல்முறையாக முழுசாக நினைத்தேன்.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் ஒரு தெரியாத நம்பர். எடுத்துக் கத்திவிடுவது என்றுதான் எடுத்தேன்.

“ஏம்புள்ள, எனக்கு எதுக்கு ஊரே போன் போடுது? மண்டிக்காரரு செல்லுக்குக் கூப்பிட்டு என்ற தங்கச்சி அழுகுறா.”

அவர் குரல்! எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேனா, இருக்கிறீர்களா என்று கேட்டேனா தெரியாது. அவர் செல் மழைத் தண்ணீரில் நனைந்து அணைந்துவிட்டதாம். காலையிலேயே வண்டி போய்ச் சேர்ந்துவிட்டதாம். மூட்டையை இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே தூங்கிவிட்டாராம். தூங்கினாராம்!

“எடை போடறவர் செல்லுலருந்து மிஸ்டு கால் குடுத்தனே. பாக்கலையா?”

கால் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நாத்தனார், சித்தி மகன், பெரியப்பா வீடு, மறுபடி நாத்தனார், இன்னும் யார் யாரோ. அவர்களுக்கெல்லாம் நடுவில், அடித்து உடனே நின்ற அந்த நம்பர். இறங்கிவிட்டேன், சாப்பிடுங்கள். வழக்கப்படி சரியாகத்தான் வந்திருந்தது. நல்ல சேதி என் கைக்குள்ளேயே கிடந்திருக்கிறது, கெட்ட சேதியை விசாரிக்க வந்த கூட்டம் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவைக்கு மேல் அடிப்பது அவருக்கு வழக்கமில்லை. கொடுத்தால் கொடுத்ததுதான்.

மாமியாரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய், ஆறிப்போன இட்லியைத் தட்டில் வைத்துத் தின்றார். தின்றுகொண்டே அழுதார். நான் சிரித்தேன், அழுதேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், செல்போனைத் திட்டினேன். எதை எந்த வரிசையில் செய்தேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் அவர் வந்து சேர்ந்து, குளித்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீடியோவின் கீழே நான் கேட்டிருந்தேன் அல்லவா, என்னைப் போல வேறு யாராவது பதறிக்கொண்டிருப்பார்களே, இது எங்கள் வண்டி இல்லை என்று ஒரு வரி எழுதிவிடலாம் என்று செல்லைத் திறந்தேன். சண்டைக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத்தான் மேலேயே வைத்திருந்தது, நிறையப் பேர் கைதட்டுகிற சண்டை அல்லவா. என் கேள்வியைத் தேடிக் கீழே கீழே போனேன். ‘மேலும் காட்டு’ என்று ஒன்று, அதை அமுக்கினால் உள்ளே இன்னொரு ‘மேலும் காட்டு’. அதற்குள் என் கேள்வி இருந்தது. அதற்கு ஒரு பதிலும் இருந்தது.

‘அக்கா பயப்படாதீங்க. இது உங்க வண்டி இல்ல. எங்க அப்பா வண்டி. கொடைக்கானல் மலைல போன வருஷம் நடந்தது. அதுலதான் அப்பா தவறிட்டாங்க. ஒவ்வொரு மழைக்கும் யாராச்சும் புதுசு மாதிரி போடறாங்க. அண்ணன் பத்திரமா வந்துருவாங்க.’

நான் கேட்ட கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெண் எழுதியிருந்தாள். நான் பஸ் ஸ்டாப்புக்குக் குடையோடு ஓடியபோது அது அங்கே இருந்திருக்கிறது. நான் பஸ் டிரைவருக்குச் செல்லைக் காட்டியபோது அந்தச் செல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இந்த ஒரு வரியைத் தூக்கி மேலே வைக்க இவர்களுக்கு என்ன கேடு? எவ்வளவு பெரிய கம்பெனிகள், எவ்வளவு படித்தவர்கள். நான் எதை வாங்குவேன், எதைப் பார்ப்பேன் என்று எனக்கு முன்பே தெரிகிறது. செத்தது யார் என்று அவர் மகள் வந்து சொல்கிறாள், அது மட்டும் தெரியவில்லையா?

இன்னும் தள்ளிப் பார்த்தேன். என்னைப் போலக் கேட்டிருந்த பெண்கள் நிறையப் பேர். எந்த எந்த ஊரிலிருந்தோ. ஒவ்வொருவருக்கும் அவள் எழுதியிருந்தாள். சிலருக்கு அக்கா, சிலருக்கு அம்மா. பயப்படாதீங்க. எங்க அப்பா வண்டி. வந்துருவாங்க. அந்த வீடியோவைப் போட்டவருக்கும் எழுதியிருந்தாள், எங்கம்மா பாக்குறாங்க, எடுத்துருங்க என்று. அதற்குப் பதில் இல்லை.

புகார் செய்யலாம் என்று அதற்கான இடத்தைத் தேடினேன். ஆபாசமா, வன்முறையா, மோசடியா, பொய்ச் செய்தியா என்று கேட்டது. பொய் என்று எப்படி அமுக்குவது? அவள் அப்பா செத்தது பொய்யா? எதை அமுக்குவது என்று தெரியாமல் வெளியே வந்துவிட்டேன். குரூப்பில் நான் போட்டதை அழித்தேன். பஸ் ஸ்டாப்பில் அனுப்பியதையும் அழித்தேன். அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்களோ அது என் கையில் இல்லை.

திரும்ப அந்தப் பக்கத்துக்கு வந்தபோது எனக்கு அவளிடமிருந்து புதிதாக ஒரு வரி வந்திருந்தது. ‘அண்ணன் வந்துட்டாங்களா அக்கா?’

அடுப்படியில் அவர் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். வந்துவிட்டார் என்று அந்தப் பெண்ணுக்கு எந்தக் கையால் எழுதுவது? எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் ‘வந்துட்டாரும்மா’ என்று மட்டும் அனுப்பினேன். உடனே ஒரு சிரித்த முகத்தைப் போட்டாள். நான் அவளிடம் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, கீழே யாரோ ஒரு பெண் புதிதாகக் கேட்டிருந்தாள், இது யார் வண்டி என்று. இவள் அங்கே போய், ‘பயப்படாதீங்க’ என்று பதில் எழுத ஆரம்பித்திருந்தாள்.